சர்வேயர் வீட்டு வட்டம்

இனிமேல் இந்தப் பெட்டிக்காக மகளுக்கு ஒரு போன்கூடப் போகக்கூடாது என்று சர்வேயர் முடிவெடுத்தார். எடுத்த முடிவைக் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். கேட்பதற்கு மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவளும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

டிவியில் படம் நின்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கிணத்துல குதிக்கப் போனவ பாதியிலயே நிக்கிறா."

"நிக்கட்டும். உயிராவது மிஞ்சும்."

"சர்வர்னு பேர் வச்சா, கொண்டுவந்து வைக்க வேணாமா? தட்டைப் பிடிச்சுக்கிட்டு பாதி வழியில நிக்குதே!"

"நான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல?"

"அதான் பயமா இருக்கு."

பெட்டி என்பது டிவிக்குக் கீழே இருந்த கறுப்புக் கணினி; மகள் அதை சர்வர் என்பாள். கல்யாணமான புதிதில் மகளும் மாப்பிள்ளையும் கொண்டுவந்து வைத்தது. மாப்பிள்ளை தேடித் தேடிச் சேர்த்த படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. கோளாறு வந்தால் மகள் தன் ஊரில் உட்கார்ந்தபடியே அதற்குள் புகுந்து சரிசெய்துவிடுவாள். அவளுடைய வேலையே அதுதான்.

மழைக்காலம் தொடங்கும் முன் மாப்பிள்ளை போய்விட்டான். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இவர்கள் போய் மகளோடு கொஞ்ச நாள் இருந்தார்கள். "ரெண்டு பேரும் என்னையே பார்த்துக்கிட்டு உட்காராதீங்க" என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அதன் பிறகு கூப்பிட்டால் எடுப்பதில்லை. 'தூங்குறேன்' என்று ஒரு செய்தி வரும். காலையிலும் அதுதான், சாயங்காலமும் அதுதான்.

"புருஷனைப் பறிகொடுத்தவகிட்ட வட்டம் சுத்துதுன்னு போன் பண்ணச் சொல்றியே, நாம மனுஷங்கதானா?"

மனைவி மடியில் கிடந்த பூண்டுத் தோலை ஊதினாள்.

சர்வேயர் தமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினார். டேப்பை எடுத்து ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே அளந்தார். அளந்ததால் படம் ஒன்றும் வேகமாக ஓடிவிடவில்லை. ரவுட்டரை அலமாரியின் உச்சியில் ஏற்றினார். வைஃபையே வேண்டாமென்று நீள வயர் வாங்கிச் சுவரோரம் இழுத்தார். பகலில் அவர் தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போதெல்லாம் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. சாயங்காலம் இருவரும் உட்காருவார்கள். "அடுப்பைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று மனைவி எழுந்து போவாள். அவள் திரும்பி வருவதற்குள் வட்டம் வந்துவிடும்.

ஒரு நாள் அவள் போனோடு வந்தாள்.

"எடுத்துட்டா! போர்ட்டுங்கிறா, பிட்ரேட்டுங்கிறா. எனக்கென்ன எழவு தெரியும், நீங்களே பேசுங்க."

"எந்தப் படம்ப்பா?" பேசியே பல நாளான குரல் அது.

சொன்னார்.

"அது அவர் ஏத்தினதுப்பா. சின்ன சைஸே போதும், அந்தப் பெட்டி தாங்காதுன்னு சொன்னேன். மாமா சர்வேயர், மரத்துல இலையெல்லாம் எண்ணிப் பார்ப்பார், பெருசாவே இருக்கட்டும்னார்."

அவன் போன பிறகு அவள் அவனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. சர்வேயருக்கு, ஆறுதலாக ஏதாவது சொன்னால் வைத்துவிடுவாள் என்று தோன்றியது. "இப்ப எந்த வயரைப் பிடுங்கணும்?" என்றார்.

"இருங்க, லேப்டாப்பை எடுத்துக்கறேன்." அவள் கட்டிலைவிட்டு இறங்கும் சத்தம் கேட்டது.

பிடுங்கினார், மாட்டினார். அன்றைக்குச் சரியாயிற்று. மறுநாள் மறுபடி வட்டம், மறுபடி போன். இப்படியே சாயங்காலங்கள் போயின. ஒரு நாள் பேச்சின் நடுவே "இருங்கப்பா, அடுப்புல பால் பொங்குது" என்று ஓடினாள். இன்னொரு நாள் அவர் நீல வயருக்குப் பதில் டிவி வயரைப் பிடுங்கியதைக் கேட்டு லேசாகச் சிரித்தாள். அழுதாளோ என்னவோ, போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

ஆனாலும் கோளாறைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று அவருக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் டேப்லெட் சாய்ந்திருந்தது. கூடத்தில் ஓடும் அதே படம் அதில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கினாள்.

"அடி அசடே! ஒரே அடுப்புல ரெண்டு உலை வச்சா எது கொதிக்கும்? அங்க பெருசா அனுப்பி, இங்க சுருக்கி அனுப்பி, பெட்டி மூச்சு முட்டிக் கிடக்கு!"

டேப்லெட்டை அணைத்தார். கூடத்தில் படம் குதிரையாக ஓடியது. வெற்றிக் களிப்பில் தாமே மகளைக் கூப்பிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேம்மா! எல்லாம் உங்கம்மா வேலை. இனிமே உனக்குத் தொந்தரவே கிடையாது!"

"ஓ" என்றாள் மகள். பிறகு, "சரிப்பா." வைத்துவிட்டாள்.

மனைவி கத்தியோடு வாசற்படியில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் நறுக்கிக்கொண்டிருந்தது வெண்டைக்காய்.

"யாருங்க உங்களைச் சரி பண்ணச் சொன்னது?"

சர்வேயர் உட்கார்ந்துவிட்டார். படம் ஓடி முடிந்தது. யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கூப்பிட்டபோது 'தூங்குறேன்' வந்தது. அதற்கடுத்த நாளும் அதேதான். தொந்தரவு செய்யக்கூடாது என்று தாம் ஒதுங்கி நின்றது அவளுக்காகவா, அவள் அழுவதைக் கேட்கப் பயந்தா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். வந்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மறுபடி டேப்லெட்டை வையேன்."

"வச்சா நம்புவாளா? ஊரைக் கூட்டிச் சொல்லிட்டீங்களே. கெடுத்தது நீங்க, இப்ப நீங்களே கெடுங்க."

சர்வேயர் குனிந்து ஒரு வயரைப் பிடுங்கினார். மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தாள்.

"என்னப்பா?"

"சுத்துதும்மா."

"வட்டம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. பெரிய வட்டம்."

"அப்பா, பெட்டியோட கரண்ட் வயரையே பிடுங்கிட்டீங்க. எனக்கு இங்க தெரியுது. அது செத்துக் கிடந்தா வட்டம் எப்படிப்பா..." 'செத்து' என்ற சொல் உறைத்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மா டேப்லெட் வச்சது எனக்கு முதல் நாளே தெரியும்."

"அப்ப எதுக்கும்மா தினம் என்னை வயர் வயராப் பிடுங்கச் சொன்னே?"

"போனை வச்சா மறுபடி படுக்கணுமேப்பா."

அவர் வயரை மாட்டவா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள். "போனை அம்மாகிட்டக் குடுங்க. கெடுக்கறதுல அவங்க கைப்பக்குவம் உங்களுக்கு வராது."