மொட்டைக்கு ஒரு மரியாதைச் சொல்

"மூன்றாம் மேடைப் பேருந்து தாமதமாக வரும். மொட்டை மறுபடியும் நேரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறது" என்று ஒலிபெருக்கி கணீரென்று அறிவித்ததும், பேருந்து நிலையத்தின் கணினி அறையில் இருந்த புரோகிராமர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

மொட்டை என்றால் நிலைய மேலாளர். அவர் தரும் கால அட்டவணையில் தப்பு வரும்போதெல்லாம் தன் கண்ணுக்கு மட்டும் திரையில் தெரியட்டும் என்று, கடுப்பாக இருந்த ஒருநாள் புரோகிராமர் எழுதிவைத்த வரிகளில் ஒன்று அது. திரையில் ஓடும் அறிவிப்புகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்பிவிடு, குரல் மெஷின் அதைப் படிக்கட்டும் என்று மேலாளர்தான் காலையில் சொன்னார். இவரும் திருப்பிவிட்டார். பிழைச் செய்திகளும் ஒட்டிக்கொண்டு கூடவே போய்விட்டன.

ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மெஷினை அணைக்கலாம் என்றால் அது பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. சாவி மொட்டையிடம்.

பைனரி ஃபைலாக எழுதிவிட்டால் படிக்கத் தெரியாமல் வாயை மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். அதுவோ, "ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று" என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தது. வெளியே ஒரு கூட்டம் பெட்டியும் பையுமாக முதலாம் மேடையைப் பார்த்து ஓடியது.

பதறியடித்துக்கொண்டு டெக்ஸ்ட் ஃபைலுக்கே திரும்பினார். அவசரத்தில், பழையதை அழித்துவிட்டு எழுது என்பதற்குப் பதிலாகப் பழையதோடு சேர்த்து எழுது என்று கொடுத்துவிட்டார். காலையிலிருந்து சேர்ந்த மொட்டைகளை எல்லாம் மெஷின் முதலிலிருந்து வரிசையாக வாசித்தது.

வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? 'உருப்படாதவன்' என்று அவர் கல்யாணத்துக்கு முன்பே சொன்னவர்.

கடைசியாக ஒரு யோசனை உதித்தது. 'மொட்டை' என்று வரும் இடமெல்லாம் 'மாண்புமிகு மேலாளர்' என்று மாற்றிவிட்டு, அப்பாடா என்று சாய்ந்தார்.

"மாண்புமிகு மேலாளர்க்கு மண்டைக்கு வெளியே முடியும் இல்லை, உள்ளே சரக்கும் இல்லை" என்றது ஒலிபெருக்கி.

அதுவரை யார் என்று தெரியாமல் இருந்தவர்களுக்கும் இப்போது ஆள் அடையாளம் கிடைத்துவிட்டது. புரோகிராமர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பேப்பர் ரோல் வாங்க வந்த டிக்கெட் கவுண்டர் அக்கா, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"ஊரே கேட்டுடுச்சுக்கா. வெளிய பொண்ணுங்க சிரிக்குது, கூட்டம் ஓடுது. என் வேலை போச்சு."

"யாருப்பா கேட்டா? வெளிய இருக்கற ஸ்பீக்கரெல்லாம் போன மழையிலேயே அவுட்டு. அந்தப் பொண்ணுங்க போனைப் பார்த்துச் சிரிக்குது. கூட்டம் பஸ் வந்ததுன்னு ஓடுது."

புரோகிராமருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டு, தானே ரோலை எடுத்துக் கொடுத்தார். வெளியே கேட்காதது தனக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வேலை செய்யறது ரெண்டே ரெண்டுதான்ப்பா" என்றார் அக்கா, ரோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "ஒண்ணு இங்க. இன்னொண்ணு மேனேஜர் ரூம்ல. உன் புரோகிராம் எப்படிப் பேசுதுன்னு காலையிலேர்ந்து கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காரு."