காது மிஷினைக் கழற்றிய விவகாரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் அத்தை, வீடு, வாசல் எல்லாம் நலம். என் மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். அடுத்தவர் மானத்தை மைக்கில் ஏற்றுகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, "மாமா, நீங்களும் அத்தையும் வந்தே ஆகணும்" என்று நீங்கள் தேன் ஒழுகக் கூப்பிட்டதால்தான் உங்கள் சிரிப்பு நிகழ்ச்சிக்கு வந்தோம். ஐந்நூறு பேர் முன்னால் நீங்கள் சொன்னது என்ன? மாமியார் பேச ஆரம்பித்ததும் என் மாமனார் காது மிஷினை நைசாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், மாமியார் வாய் அசைவது நிற்கும் வரை மூன்று எண்ணுவதும் ஒருமுறை தலையாட்டுவதுமாக உட்கார்ந்திருப்பார் என்று சொன்னீர்கள். கல்யாணமான புதிதில் நீங்கள் திருதிருவென்று முழித்ததைப் பார்த்து மனசு கேட்காமல், ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளைக்குச் செய்யும் உதவியாக நான் சொல்லிக்கொடுத்த ரகசியம் அது. அதையா ஊருக்குத் தண்டோரா போடுவது? மண்டபமே சிரித்தது. உங்கள் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் கையை நீட்டினாள். இப்போது மிஷின் அவள் பொறுப்பில் இருக்கிறது. எழுந்ததும் அவளே மாட்டிவிடுகிறாள், படுக்கப்போகும்போது அவளே கழற்றுகிறாள். மிஷின் வாங்கிய இந்தப் பதினோரு வருஷமாக நான் கேட்காமல் விட்டதையெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறாள். இன்றைக்கு மூன்றாம் வருஷத்தில் இருக்கிறோம்.

முப்பது வருஷம் தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நின்று, ஒரு பிள்ளை இருமினால்கூட திரும்பிப் பார்த்தவன் நான். பெரியவர்களைக் கிண்டல் செய்தால் கேட்க ஆளே இல்லையா என்று மறுநாள் காலையில் மேடை நிகழ்ச்சி அனுமதி ஆபீசுக்குப் போனேன். அங்கே எழுத்தர், "மனசு புண்பட்ட பகுதியை அப்படியே செஞ்சு காட்டுங்க சார். கேள்விப்பட்டதை வச்சுத் தடை போட முடியாது, சட்டம் அப்படி" என்றார். செய்து காட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு, "சார், இவருக்கும் ஒரு தரம்" என்றார். அப்புறம் மாடியில் ஒரு தரம், பதிவேட்டு அறையில் ஒரு தரம். போகப் போக எனக்கு உங்கள் மேல் இன்னொரு கோபமும் வந்தது. நான் மூன்று எண்ணித் தலையாட்டுவதில்லை. ஐந்து எண்ணுவேன், நடுவில் ஒரு "ம்ம்" போடுவேன். அதைத் திருத்திச் செய்து காட்டியபோது பதிவேட்டு அறையில் ஒரு அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளதை உள்ளபடி சொல்லத் தெரியாதவருக்கு மேடை எதற்கு?

கடைசியில் பெரிய அதிகாரியிடம் அனுப்பினார்கள். அங்கேயும் செய்து காட்டினேன், அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. "நம்ம பண்பாட்டுல பெரியவங்க இப்படியெல்லாம் செய்யறதே கிடையாது. அதனால இது பொய். உங்க மாப்பிள்ளை இனிமே எந்த மேடையும் ஏற முடியாது" என்றார். நான், "ஐயா, பொய் இல்லீங்க, நான் கழட்டினது நெஜம்" என்றேன். "கழட்டியிருக்க மாட்டீங்க." "கழட்டினேங்க." "நீங்க பெரியவர், கழட்டியிருக்க மாட்டீங்க." என் காதைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 'என் மனைவி பேசிய ஒரு சொல்லையும் நான் கேட்காமல் விட்டதில்லை' என்று ஒரு வாக்குமூலம் அடித்துவைப்பார்களாம். வியாழக்கிழமை நான் போய்க் கையெழுத்துப் போட்டால் உங்கள் தொழில் முடிந்தது. போடாவிட்டால் புகார் தள்ளுபடி. என் மகள் போனில், "அப்பா, அவருக்கு அந்த மேடையை விட்டா ஒண்ணும் தெரியாதுப்பா" என்று அழுதாள். ஆனாலும் ஆத்திரம் ஆறவில்லை மாப்பிள்ளை. கையெழுத்துப் போடத்தான் போகிறேன். இதில் இனி மறுபேச்சு இல்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், வாயை மூடிக்கொண்டு. மகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நடக்கும் தங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இன்று ஆபீசுக்குப் போனேன். போகிற வழியில் தபால் பெட்டியில் போடுவதாக இருந்தேன், மறந்துவிட்டேன். உங்கள் அத்தையும் கூடவே வந்தாள். பெரிய அதிகாரி வாக்குமூலத்தை உரக்க வாசித்தார். 'ஒரு சொல்லையும் கேட்காமல் விட்டதில்லை' என்ற இடம் வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதிகாரி, "ஒரு பெரியவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதும்மா. நிறுத்துங்க, இல்லேன்னா வெளியே போங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "கழட்டினவன் நான். ஏமாந்தவ இவ. இவ சிரிக்கறதுக்கு நீங்க யாருங்க அனுமதி குடுக்க?" என்று கேட்டுக் காகிதத்தை நான்காகக் கிழித்து அவர் மேசையிலேயே வைத்தேன். புகார் வாபஸ். அடுத்த ஞாயிறு தாராளமாக மேடை ஏறுங்கள், இன்று நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. நான் கிழித்தபோது அந்த அதிகாரி பேனாவைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் எந்த மேடையிலும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவர் வேலை போய்விடும்.