நிற்காத செல்ஃப் மோட்டாரும் நிறுத்தப்பட்ட நிச்சயதார்த்தமும்

சிதம்பரம்,
20-10-2008, திங்கள்.

நெல்லிக்குப்பம் மச்சான் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் வைத்திலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தில்லையம்மாளும் இளவரசியும் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சி மங்கலமும் இளவரசிக்குப் பேசியிருக்கும் உங்கள் மகன் சித்தார்த்தும் சௌக்கியம் என்று நம்புகிறேன். சௌக்கியமில்லாதது, ஆவணி மாதம் நீங்கள் என் தலையில் கட்டிய வெள்ளைக் கார் ஒன்றுதான். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் "டவர் கெடைக்கல மாமா" என்று வைத்துவிடுவீர்கள். பதிவுத் தபாலுக்கு டவர் தேவையில்லை.

ஆயுத பூஜை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, இளவரசிக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்கக் கீழ வீதிக்குப் போனோம். கடையிலிருந்து வெளியே வந்து சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. சாவியிலிருந்து கையை எடுத்தேன், ஆனால் இன்ஜினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் நிற்கவில்லை. இன்ஜின் ஒரு பக்கம் ஓட, இது ஒரு பக்கம் கர்ர்ரென்று கத்திக்கொண்டே இருந்தது. சாவியை உருவப் பார்த்தால் அதுவும் வரவில்லை. பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு ஓடினாள். ஒருவர் பிரேக்கை மிதி என்றார், ஒருவர் ஹாரனை அடி என்றார், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பானெட்டில் புகை கிளம்பிய பிறகு ஓர் ஆட்டோக்காரர் ஸ்பேனரோடு வந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார். அப்போதுதான் நின்றது. உங்கள் அக்காள் அந்த வீதியிலேயே நின்று, "எந் தம்பி ஓட்டினப்ப இப்படி ஒரு நாளும் ஆனதில்ல" என்றாள். உங்களிடம் இருந்தவரை ஆகாதது, என் கைக்கு வந்ததும் ஆகிறதென்றால் அது எப்படி மச்சான்? எனக்கு அங்கேயே முதல் சந்தேகம் விழுந்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் மெக்கானிக் கலியமூர்த்தியிடம் காட்டினேன். சோலனாய்டு என்று ஒன்று உண்டாம், செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்து மூடுவது அதுதானாம், அது ஒட்டிக்கொண்டதாம். புதிதாக மாட்டினார். மாட்டிக்கொண்டே, "இது யாரு வச்சிருந்த வண்டி சார்?" என்றார். சொன்னேன். "நெல்லிக்குப்பம் தட்சிணாமூர்த்தி அண்ணன் வண்டியா? நல்லா வச்சிருந்தாராச்சே" என்றார். நான் கேட்காமலே ஒருவர் நற்சான்றிதழ் தருகிறாரென்றால் அதை எழுதிக் கொடுத்தது யார்? விசாரித்தேன். கலியமூர்த்தியின் மாமனார் வீடு நெல்லிக்குப்பம்.

இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள், நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்கக் கடலூர் போனோம். போகும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பெட்ரோலை மிச்சப்படுத்தலாமென்று இன்ஜினை அணைத்தேன். ரயில் வரும் சத்தம் கேட்டதும் சாவியைத் திருப்பினேன். மறுபடி கர்ர்ர். கேட்டில் நின்ற ஜனம் மொத்தமும் ரயிலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. ரயிலில் போனவர்களும் எங்களைத்தான் பார்த்தார்கள். இந்தத் தடவை ஸ்பேனர் என்னிடமே இருந்தது. அறுபது வயதில் ரயில்வே கேட்டில் குனிந்து பேட்டரி ஒயர் கழற்றும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள். மண்டபம் பார்க்காமலே திரும்பினோம்.

முப்பத்தொரு வருடம் தணிக்கைப் பிரிவில் இருந்தவன் நான். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். சாவியைக் கொடுக்கும்போது நீங்கள் சொன்னது: "வண்டி உங்களப் புரிஞ்சிக்கக் கொஞ்ச நாள் ஆவும் மாமா." எதைப் புரிந்துகொள்ள? அடுத்து, ஆயுத பூஜைக்கு நீங்கள் குடும்பத்தோடு வந்தீர்களே, அன்றைக்கு உங்கள் மகன் காருக்குள் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தான். கேட்டதற்குப் "பாட்டு கேட்டேன் மாமா" என்றான். எங்கள் வீட்டில் ரேடியோ இல்லையா? வண்டி தானாகக் கெட்டிருக்கும் என்று சொல்லாதீர்கள். அன்று நானே கையால் சந்தனம் அரைத்து, பன்னீர் விட்டு, ஜவ்வாது கலந்து, ஸ்டியரிங், கியர், கதவு என்று ஓர் இடம் விடாமல் கெட்டியாக அப்பினேன். அப்படிப் பூஜை போட்ட வண்டி மூன்றே நாளில் கெடுகிறதென்றால் அதில் மனிதக் கை இருக்கிறது.

இதுவரை 'நீங்கள்' போட்டு எழுதினேன். இனி முடியாது. தட்சிணாமூர்த்தி, நீ தெரிந்துதான் கொடுத்திருக்கிறாய். காரின் கோளாறை மறைத்த நீ மகனின் கோளாறை மறைக்கமாட்டாய் என்பதற்கு என்ன உத்தரவாதம்? என் ஒரே பெண்ணை எந்த நம்பிக்கையில் அனுப்புவேன்? ஆகவே தை மாதம் வைத்திருந்த நிச்சயதார்த்தத்தை இதன்மூலம் நிறுத்துகிறேன். இளவரசியிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் கவரில் விலாசம் எழுதும் வேலையையும் அவளிடமே கொடுத்திருக்கிறேன். தானே எழுதி ஒட்டித் தருவதாகச் சொல்லிவிட்டாள். அவளாவது என் பக்கம் இருக்கிறாள்.

என்ன இருந்தாலும் நான் மூத்தவன். நீயும் உன் குடும்பமும் நூறு வயது வரை, என் வாசல் பக்கம் வராமல், நன்றாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வைத்திலிங்கம்

பின்குறிப்பு, 23-10-2008, வியாழன்:

மச்சான் அவர்களுக்கு, மேலே கண்ட எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கலியமூர்த்தி மேல் நம்பிக்கை போய், இன்று காலை லூர்துசாமி என்ற வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் செல்ஃபைக் கத்தவிட்டு, சோலனாய்டுக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. "செல்ஃப் மேல தப்பு இல்ல சார். சாவி திரும்பி வர மாட்டேங்குது, அதான் செல்ஃபும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இளவரசி கையில் ஊக்கோடு வந்து நின்றாள். சாவியை ஆட்டி ஆட்டி உருவிவிட்டு, அந்தத் துவாரத்துக்குள் ஊக்கை விட்டு நோண்டினாள். கட்டி கட்டியாக வந்தது. "சந்தனம்பா" என்று என் உள்ளங்கையில் வைத்தாள். முகர்ந்து பார்த்தேன். ஜவ்வாது வாசனை இன்னும் போகவில்லை. லூர்துசாமி பெரிய மனிதர், சிரிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுத்தம் செய்த பிறகு இருபது முறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம், இருபது முறையும் செல்ஃப் உடனே நின்றது.

அந்த நேரத்தில் தபால்காரர் வந்து பதிவுத் தபால் என்று கையெழுத்து கேட்டார். பிரித்தால் நான் உங்களுக்கு எழுதிய இந்தக் கடிதம். கவரில் பெறுநர் இருக்கவேண்டிய இடத்தில் முத்து முத்தான கையெழுத்தில் என் பெயரும் என் விலாசமும். நான் பதிவு செய்யக் கொடுத்தபோது தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மாள் கவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவரும் நெல்லிக்குப்பமாக இருப்பாரோ என்றுதான் நினைத்தேன். கவரை நான் படிக்கவில்லை. முப்பத்தொரு வருடத் தணிக்கை அந்த ஒரு கவரில் போயிற்று.

"ஏம்மா இப்படிப் பண்ண?" என்று கேட்டேன். அவள் கண்ணெல்லாம் நீர். "எனக்கு அவரக் கட்டிக்கணும்பா" என்றாள். அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதிவிட்டேனே மச்சான்.

குற்றச்சாட்டையும் அதன் தள்ளுபடியையும் ஒரே கோப்பில் வைப்பதுதான் தணிக்கை முறை. அதனால் கடிதத்தைக் கிழிக்காமல் முழுதும் அனுப்புகிறேன், இந்த முறை விலாசம் என் கையெழுத்தில். படித்துவிட்டு மங்கலத்திடம் பின்குறிப்பை மட்டும் காட்டவும்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. லூர்துசாமி சொல்லி முடிக்குமுன் இவள் கையில் ஊக்கு எப்படி வந்தது? மடக்கிக் கேட்டேன். "பூஜையன்னிக்கு அவரு பாட்டு போடப் போனப்பவே சாவி உள்ள போகலையாம்பா. சந்தனத்த உள்ள தள்ளிவுட்டுட்டுத்தான் போட்டாராம். சொன்னா மாமா மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டாராம். நேத்து போன்ல சொன்னாரு" என்கிறாள். நேற்று மட்டும்தானா என்று கேட்டேன். "தெனமும்தான்" என்கிறாள்.

இனி தை வரைக்கும் எல்லாம் தாங்காது. கார்த்திகையிலேயே நாள் பாருங்கள்.