ஊசிக்கு முந்தின மூன்று நாள்

“ஷூவக் கழட்டிட்டு மெஷின்ல ஏறுங்க.”

“அத்த இன்னாத்துக்கு கழட்டிகினு? அரை கிலோ கொறச்சி எழுதிக்க நைனா.”

ரத்தம் எடுக்க வந்த தீனா அரை கிலோவைக் குறைத்து எழுதிக்கொண்டான். முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிற பொன்னுரங்கம் ஷூ போட்டு வந்திருக்கிறாரே என்று முகத்துவாரக்குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் நடந்த சுகர் முகாமில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஷூவுக்குள் அவருடைய வலது கால் பெருவிரல் இருந்தது. ஒரு மாதமாக ஆறாத புண். நுனி கறுத்துவிட்டது. இன்று யாராவது பார்த்தால் பாதம் தப்பும். விட்டால் அடுத்த முகாம் மூன்று மாதம் கழித்துத்தான்.

வாசகரே, இந்த இனம் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஊசிக்கு முந்தின மூன்று நாள் யோக்கியர். எண்பத்தேழு நாள் டீயில் சர்க்கரையைக் கேட்டு வாங்கிப் போட்டு, பன்னில் ஜாம் தடவித் தின்று, மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் குடிவைத்துவிட்டு, எண்பத்தெட்டாம் நாள் விடிந்ததும் வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாகத் திருவொற்றியூர் வரை கைவீசி நடந்து, பாகற்காயை முகம் சுளிக்காமல் மென்று, தொண்ணூற்றொன்றாம் நாள் காலி வயிற்றோடு வந்து கையை நீட்டுவார். சுகர் நூற்றிரண்டு. யாரை ஏமாற்றுகிறார்? டாக்டரையா? ஏமாறுவதற்கு டாக்டருக்கும் விருப்பம் இருக்க வேண்டும்.

டாக்டர் இஷ்ரத்துக்கு இருந்தது. சுகரும் தைராய்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மூன்று வருடமாக ஆராய்கிறவர். நல்லவர், உழைப்பாளி. இந்தக் குப்பத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார். வெறும் வயிற்றுச் சுகர் அருமை. மூன்று மாதச் சராசரியோ மிக மோசம். ஒருவருக்கல்ல, பதினொரு பேருக்கு. வேறு யாராவது என்றால் டீக்கடையில் விசாரித்திருப்பார்கள். அவர் ஆராய்ச்சியாளர். தைராய்டு கோளாறுதான் சராசரியை ஏற்றிக் காட்டுகிறது என்று முப்பத்திரண்டு பக்கம் எழுதினார். மறுநாள் மாநாட்டில் வாசிக்க வேண்டும்.

“நூத்திரெண்டு! எங்க ஆராய்ச்சிக்கே நீங்கதான் ஹீரோ, பொன்னுரங்கம்.”

“அல்லாம் நீங்க குடுத்த தைராய்டு மாத்திரதாம்மா. பச்சத் தண்ணில முழுங்கிட்டு அரை மணி நேரம் வாயத் தொறக்கறதில்ல.”

“யாரு, நீயி?” வாசலில் நின்ற அவர் மனைவி குப்பம்மா உள்ளே வந்தாள். “டீக்கடைல தொறந்த வாய நீ மூடி நான் பாத்ததே இல்ல. டாக்டரம்மா, மூணு நாளாத்தான் இந்த வேஷம். இவரு மட்டும் இல்ல, குப்பத்துல அல்லாருந்தான். முகாம் வருதுன்னா டீக்கடக்காரரு ஈ ஓட்டிகினு கீறாரு.”

இஷ்ரத்தின் பேனா நின்றது.

“எல்லாருமா?”

“அத்த வுடுங்க. மொதல்ல அந்த ஷூவக் கழட்டச் சொல்லுங்க. புள்ளயோட ஷூ அது.”

“கம்னு கெட குப்பம்மா!”

இஷ்ரத்தின் படிவத்தில் அறுபத்துநான்கு கேள்விகள். கழுத்தைப் பற்றி ஒன்பது. காலைப் பற்றி ஒன்றுமில்லை. ஷூ கழன்றால் முப்பத்திரண்டு பக்கமும் கழன்றுவிடும் என்று அவருக்குப் புரிந்தது. படிவத்தை மூடிவைத்தார். பிறகு, அவரைக் குறை சொல்லக் கூடாது, தானே குனிந்து லேஸை அவிழ்த்தார். நாற்றத்தில் தீனா ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

“எப்பலேர்ந்து இது?”

“நேத்துதாம்மா, கல்லு தடுக்கி.”

சிரிக்கிறீர்கள். பல் டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று மட்டும் பத்து நிமிடம் பல் தேய்க்கிறவர் யார்? உங்கள் அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? தேதியைச் சொல்ல வேண்டாம். அதிலிருந்து மூன்றைக் கழித்துப் பார்த்தீர்களா இல்லையா, அது போதும்.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் பொன்னுரங்கத்தின் பெருவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்சுலின் தொடங்கினார்கள். குப்பம்மா ஷூவை வீட்டுக்கு எடுத்துப்போனாள். பிற்பகல் மாநாட்டில் டாக்டர் இஷ்ரத் கட்டுரை வாசித்தார். பதினொரு பேர் என்று இருந்த இடங்களில் எல்லாம் பத்துப் பேர் என்று திருத்தியிருந்தார். கைதட்டினார்கள்.