மகள் விட்டுப்போன பாம்புக்கு ஒரு கிளை

சலாத்திகா,
வெள்ளிக்கிழமை காலை.

கடல் கடந்து போயும் இந்த வீட்டுப் பேச்சை விட்டு ஒரு நாளும் நகராத அருமை மகள் வெனிங்குக்கு, அப்பா பர்ஜோனோ எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் அருளால் இங்கே நான் நலம். உன் அம்மா நலம், மழைக்கு முன்னால் அவளுடைய முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. கூரை நலம். குழாய்கள் ஒழுகாமல் நலம். அங்கே நீயும், உன் பொறுப்பில் இருக்கும் ஜப்பானியப் பெரியவர்களும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்தத் தாள் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் அம்மாவின் ஆட்சிக்கு உட்பட்டது. அவள் பேசி முடித்து என் கைக்கு வரும்போது, "சாப்பிட்டியாம்மா?" என்று நான் கேட்கவும், "சாப்பிட்டேன்ப்பா" என்று நீ சொல்லவும்தான் நேரம் மிச்சமிருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டு இபு சுமியாத்தியின் தங்கை மகன் ஜப்பானுக்கு வேலைக்குப் புறப்படுகிறான் என்றதும், அவன் பெட்டியில் ஒரு கடிதத்துக்கு இடம் கேட்டு வைத்துவிட்டேன். இன்று சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வான்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற முறை பேசும்போது நீ இரண்டு சேதி சொன்னாய். உன் வேலை உனக்குப் பிடித்திருக்கிறது, முதியோர் இல்லத்துக்காரர்கள் இன்னும் சில வருடங்கள் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசியில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒன்று. அப்படியென்றால் என் பாம்பு லெமுவை வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும், பாம்பு வளர்ப்போர் சங்கத்து ரெண்டியிடம் கொடுத்துவிடுங்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நான் "சரிம்மா" என்றேன். நம் ஊர்க்காரன் சரி என்றால் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம் என்பது உனக்குத் தெரியாததல்ல. பிறகு ரெண்டியே கூப்பிட்டு, "எப்ப வரட்டும் பாக்?" என்றார். அவருக்கும் சரி என்றேன். எப்போது என்று கேட்டவருக்குச் சரி என்று பதில் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம், அவரும் சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னும் ஏன் கொடுக்கவில்லை என்று நீ கோபிக்கக் கூடாது. காரணம் கிளைதான். நீ வைத்துவிட்டுப் போன கொய்யாக் கிளை ஈரத்தில் உளுத்துப்போய், ஒரு நாள் மத்தியானம் லெமுவின் பாரம் தாங்காமல் மளுக்கென்று முறிந்தது. ஏறிக் கிடக்கக் கிளை இல்லாமல் அது தரையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தால் உனக்கு மனசு கேட்காது. இந்த நிலையில் எப்படி ஒருவரிடம் ஒப்படைப்பது? பர்ஜோனோ வீட்டில் பாம்பைப் பட்டினி போட்டுத் தரையில் கிடத்தியிருந்தார்கள் என்று சங்கம் முழுக்கப் பேச மாட்டார்களா? சரி, ஒரு கிளை வாங்கி வைத்துவிட்டுக் கொடுப்போம் என்று வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, அவர் தோப்பையே சேர்த்து விற்கிறாரோ என்று ஒரு கணம் மயங்கிவிட்டேன். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவு கட்டினேன். உன் அம்மா அப்போதே கண்ணை மூடி ஏதோ ஓதினாள்.

குடிநீர் இலாகாவில் தலை நரைத்தவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் அவன் எங்கே போவான்? குழாயிடம்தான் போவான். கொல்லையில் மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் குழாய்களை அறுத்து, வளைவுக்கு எல்போ வைத்துத் திருப்பி, நடுவில் இரண்டு இடத்தில் 'டீ' இணைப்புப் போட்டுப் பிரித்து, வழுக்காமல் இருக்க மேலெல்லாம் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றி, உன் கண்ணாடி அலமாரிக்குள் இறுக்கி நிறுத்தினேன். தண்ணீரைத் திறந்துவிட்டால் ஒரு சொட்டு வெளியே வராது. அவ்வளவு சுத்தமான வேலை. உன் அம்மா வந்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது மரமா?"

"பின்ன என்ன?"

"கக்கூஸுக்கு லைன் இழுத்த மாதிரில்ல இருக்கு!"

அந்தச் சொல்லை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது, குழாயின் மேல்முனைக்கு மூடி போட மறந்த என் மூளைதான். குழாய் என்றால் அதில் ஏதோ ஒன்று உள்ளே ஓடத்தானே வேண்டும் என்று லெமுவும் நினைத்ததோ என்னவோ, மேலே ஊர்ந்து போகாமல் உள்ளே நுழைந்துவிட்டது. முதல் எல்போவில் திரும்பி, 'டீ' இணைப்பில் இடப்பக்கம் போய், அங்கே படுத்துவிட்டது. கூப்பிட்டால் வருகிற பிராணியா அது? எதிர்வீட்டு பாக் கஸ்தி ஓடி வந்தார். தட்டிப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம். "மோட்டாரப் போட்டு ஒரு அழுத்து அழுத்துனா வெளிய வந்துரும் பாக்" என்று யோசனை சொன்னார் கஸ்தி. நான் குழாயை மொத்தமாக வெளியே எடுத்துத் தரையில் கிடத்தி, ரம்பத்தை எடுத்தேன். என் மகளின் பாம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எந்த இடத்தில் அறுப்பது? ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன், வெனிங். கடைசியில் எல்லாரும் சோர்ந்துபோய் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் அது தானாகவே வெளியே வந்து, அரிசி மூட்டையின் மேல் சுகமாகப் படுத்திருக்கிறது. உன் அம்மா அன்றைக்கு நூடுல்ஸ்தான் சமைத்தாள்.

அதன் பிறகுதான் நிஜ மரத்துக்கு மாறினேன். கஸ்தி தம் வேலியைக் கழித்துக்கொண்டிருந்தார், கை தடிமனில் ஒரு கிளை, நல்ல கவைகளோடு, கேட்டதும் கொடுத்தார். அவர் கையில் அரிவாளும் வாயில் பேச்சுமாக இருந்ததில் அது என்ன மரம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மரத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்தால்தான் பூச்சி சாகும் என்று நீ சொல்லியிருந்தாய். விருந்துக்குச் சோறு அவிக்கிற பெரிய பானையை அம்மாவிடம் கேட்டேன். பானையைக் கேட்டதற்கு எனக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. பானை மட்டும் கிடைக்கவில்லை, ஆகவே வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஆடாமல் நிற்க மண் தொட்டியில் ஊன்றி, அலமாரிக்குள் வைத்தேன். லெமு நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்து, மெல்ல ஏறி, கவையில் தலையை வைத்துக்கொண்டது. நீ சொன்னபடி காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். எல்லாம் சரியாக நடந்தது, அது சாப்பிடுவதை நிறுத்தியதைத் தவிர.

எலியை விட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. நீ ஆசையாக 'லெமு', குண்டு, என்று பெயர் வைத்தாய். குண்டு கண் முன்னால் மெலிந்துகொண்டே போனது, தோலும் மங்கிக் கண்ணும் பால் படிந்தாற்போல் ஆகிவிட்டது. வேண்டாமென்று ஒதுக்கிய எலிதான் வாளிக்குள் இருந்துகொண்டு, உன் அம்மா போடும் சோற்றில் கொழுத்தது. இந்தச் சமயம் பார்த்து இபு சுமியாத்தி உப்பு வாங்க வந்தார். அலமாரியைப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பாக், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! இது முருங்கைல்ல!"

"முருங்கைன்னா என்ன?"

"என்னவா? தாயத்துக் கட்டினவன ஒரு முருங்கைக் கொத்தால தட்டுனா அத்தன சக்தியும் இறங்கிடும். பெரிய பெரிய மந்திரவாதிக்கே அந்தக் கதி. இந்தப் புழு எம்மாத்திரம்? முருங்கை பட்டா பாம்புக்கு உசுரு நிக்குமா?"

கஸ்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வேலி மரத்தக் குத்தம் சொல்லாதீங்க. அந்த வேலியிலதான் தெனம் பாம்பு படுத்துக் கெடக்கு" என்றார். அவருக்கு வயல் பாம்புக்கும் பப்புவாவிலிருந்து வந்த மலைப்பாம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சுமியாத்தி சொல்ல, தெரு இரண்டாகப் பிரிந்தது. நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. ஆனாலும் இறந்தவர் மையித்தைக் குளிப்பாட்டும்போது முருங்கை இலையை நீரில் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன்தானே? சாயங்காலமானால் அலமாரி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் சாப்பிடு சாமி, அவ வந்து கேட்டா நான் என்ன சொல்றது" என்று அதனிடம் கெஞ்சினேன். ஒரு பாம்பிடம் நான் பேசிய அளவுக்கு உன்னிடம் இதுவரை பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் சோளம் போட்ட தெளிவான சூப், பச்சைப் பசேலென்று இளம் முருங்கை இலை மிதக்கிறது. இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "கஸ்தி வீட்டுல பறிச்சியா?" என்றேன்.

"அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? நம்ம அலமாரியிலயே இருக்கே."

போய்ப் பார்க்கிறேன், தொட்டியில் ஊன்றி நான் வேளை தவறாமல் தண்ணீர் தெளித்த கட்டை, கணுவுக்குக் கணு துளிர்விட்டுச் சின்ன மரமாகவே நிற்கிறது! பாம்பிருக்கும் அலமாரிக்குள் கையை விட்டா பறித்தாய் என்று கேட்டால், "அது பாட்டுக்கு அது கெடக்குது, நான் பாட்டுக்கு நான் பறிச்சேன்" என்கிறாள். நீ இங்கே இருந்தவரை அந்த அறைப் பக்கமே வராதவள். இலையோடு பிடுங்கி எறியப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "தழைச்சு நிக்கிறதப் புடுங்காதீங்க" என்றாள். விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அந்தச் சொரசொரப்பான பட்டையில் உரசி உரசி லெமு தலை முதல் வால் வரை தோலை உரித்துப் போட்டிருந்தது. மெலிந்ததும் மங்கியதும் சட்டை கழற்றுவதற்காம். நீ ஒரு முறை சொல்லியிருக்கிறாய், நான்தான் குழாய் நினைப்பில் இருந்துவிட்டேன். அன்றே எலியையும் பிடித்தது. வாளியில் இருந்த கொழுத்த எலிதான். உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். முருங்கையால் கெட்ட சக்தி இறங்கியதால்தான் பாம்பு பிழைத்தது என்று சுமியாத்தி இப்போது தெருவெல்லாம் சொல்லி வருகிறார்.

ஆக, கிளை தயார், லெமு தயார். கொடுக்காமல் இருக்க இனி எனக்குச் சாக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் சங்கத்துக் கூட்டம் முடிந்து நேரே வருவதாக ரெண்டி மறுபடி கூப்பிட்டுச் சொன்னார், கொடுத்துவிடுகிறேன். நீயும் மனதைக் குழப்பிக்கொள்ளாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. நல்ல வேலை, நல்ல மனிதர்கள். நீ கைபிடித்து நடத்தும் அந்தப் பெரியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களும் யாருக்கோ அப்பாக்கள்தான், எனக்கு அவர்கள் மேல் பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அது வயதானால் வருவது, பொருட்படுத்தாதே. லெமுவும் போன பிறகு உன்னுடையது என்று இந்த வீட்டில் மூச்சு விடும் ஜீவன் எதுவும் இருக்காது, அவ்வளவுதான். பழகிவிடும். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உன் அம்மாவின் முத்தங்களும், கஸ்தி, சுமியாத்தி இருவரின் தனித்தனி சலாமும் (சேர்த்து எழுதக் கூடாதாம்) உனக்கு உரித்தாகுக. குளிரில் காதை மூடிக்கொள். இறைவன் உன் கைகளில் பரக்கத்தும் வளமும் தரட்டும், நீ நடக்கும் தெருவை வழுக்காமல் வைக்கட்டும்.

இப்படிக்கு, உன் நலமே தன் நலமாகக் கொண்ட
அப்பா பர்ஜோனோ

பி.கு.: நான் ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்து தாளை மடிக்கும்போதே வாசலில் ரெண்டி. ஞாயிறு வருவதாகச் சொன்னவர், தொழுகை முடிந்து இந்தப் பக்கம் வந்தாராம், துணிப்பையும் கையுமாக. டீ கொடுத்தேன். பொரித்த சோயா டெம்பே கொடுத்தேன். இன்னொரு டீ கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை, அவரும் பையை விரித்தார். நான் அலமாரிச் சாவியைத் தேடினேன். என் சட்டைப் பையிலேயே இருந்தது, இருந்தாலும் வீடு முழுக்கத் தேடினேன். அப்போது உன் அம்மா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"தம்பி, பைய மடிச்சு வச்சுக்குங்க. பாம்பக் குடுக்கறதுக்கில்ல."

"வெனிங் அக்காதான் குடுக்கச் சொன்னாங்க, இபு..."

"அவ சொல்லுவா. ஜப்பான்ல உக்காந்துக்கிட்டு என்ன வேணா சொல்லுவா. இங்க வந்து, என் முன்னாடி நின்னு சொல்லட்டும். அது வரைக்கும் இது அவ பாம்பு, இது அவ வீடு."

நம் ஊரில் விருந்தாளியிடம் யாரும் இப்படி முகத்துக்கு நேராகப் பேசி நான் கேட்டதில்லை. ரெண்டி எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டும் பாக்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா அலமாரி முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

மேலே கையெழுத்துப் போடு என்று எழுதியதை அடித்துப் பார்த்தேன், அதை அடித்தால் அதற்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் நிற்கவில்லை. வேறு தாளில் எழுத நேரமில்லை, பையன் வாசலில் நிற்கிறான். நீ இதை மட்டும் படி. கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் போகட்டும் அம்மா, நாங்கள் கோபிக்க மாட்டோம். லெமு வளர வளரக் கிளையை மாற்றிக்கொண்டு நான் இங்கேயே இருப்பேன். இன்னும் போடவில்லை என்றால், வெனிங், போடாதே. வீட்டுக்கு வந்துவிடு.