சாய்தளத்தின் மேல் ஒரு மேடை

அன்று கைதமுக்கு ஊரில் திறப்புவிழாவுக்கு வந்திருந்தவர்கள் பின்வருமாறு. மேடையில் பஞ்சாயத்துத் தலைவர், துணைத் தலைவர், மாவட்ட அலுவலர், வார்டு உறுப்பினர் சசாங்கன், வாழ்த்துரை வழங்கப் பதின்மூன்று பேர், நாற்காலிகள் பதினேழு. கீழே, சக்கர நாற்காலிகளில் ஐந்து இளைஞர்கள், அவர்களுடைய அம்மாமார் ஐவர், மைக்செட் ரகீப். வாழ்த்துரைப் பட்டியலில் ஒரு கட்சி விடுபட்டால் அது வெளிநடப்புச் செய்யும். ஆகவே அந்த ஊரில் கீழே ஆள் குறையலாம், மேலே குறையக் கூடாது.

திறக்கப்பட இருந்தது 'அருகாமை' பகல் நிலையம். ஏலிக்குட்டி நான்கு வருடம் அலுவலகப் படிகளை ஏறி இறங்கியதில் எழும்பிய கட்டடம். அவள் மகன் ஜிஜோவுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு கிடையாது, கைகால் அடங்காது, சிரிப்பு மட்டும் முழுசாக வரும். பதினெட்டு முடிந்ததும் சிறப்புப் பள்ளி மாலை போட்டு அனுப்பிவிட்டது. அன்று முதல் வீட்டு வாசல் கம்பியைப் பார்த்தபடி இருக்கிறான். அவனை இனித் தனியாகத் தூக்க ஏலிக்குட்டியின் முதுகுக்கு முடியாது. நிலையம் நடந்தால் பகலில் இங்கே, இரவில் வீட்டில் இருப்பான். நடக்காவிட்டால் மலைக்கு அப்பால் ஒரு விடுதி. அங்கே சேர்த்தவர்களைத் திரும்ப அழைத்து வரும் வழக்கம் இல்லை. விடுதிக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

"சசாங்கா, சாய்தளத்து மேலயே மேடையப் போட்டுட்டீங்களே! பிள்ளைங்க எப்படி உள்ள போகும்?"

"சேச்சி, திறக்காத கட்டடத்துல யாரும் நுழையக் கூடாது. மேடையில்லாம திறக்க முடியாது. எல்லாம் முறைப்படிதான்."

"பின்பக்கம் பலகையில ஒரு சரிவு இருக்கே?"

"அது தலைவருக்கு. முட்டுவலி. காலைல சொன்னார், மத்தியானம் போட்டாச்சு."

சாய்தளத்துக்கு ஒப்புதல் வரப் பதினான்கு மாதம் ஆனது ஏலிக்குட்டிக்கு நினைவு வந்தது. 

மாவட்ட அலுவலர் எழுந்தார். அவர் அண்மையில் தலைநகரில் மூன்று நாள் பயிலரங்கு போய்வந்தவர்.

"இவர்களைக் கட்டடத்துக்குள் அடைப்பது காலாவதியான சிந்தனை! சமூகத்தின் மடியே இவர்களின் நிலையம்! எனவே இக்கட்டடத்துக்குள் ஒருவரையும் அனுமதிக்க மாட்டோம் என உறுதியளிக்கிறேன்!"

பதினாறு பேர் கைதட்டினார்கள்.

"அப்ப கட்டடம் எதுக்கு சார்?" என்று கீழிருந்து ஏலிக்குட்டி கேட்டாள்.

"திட்டத்தை நடத்த ஓர் அலுவலகம் வேணாமா அம்மா?"

"இவனை யாரு பாத்துப்பா?"

"சமூகம்."

"சமூகம்னா யாரு சார்?"

"நீங்கதான்!"

"நாலு வருஷமா நான்தானே பாத்துட்டிருக்கேன்!"

"கேட்டீர்களா! தொடங்குமுன்பே திட்டம் வெற்றி!"

முன்னோடி என்று அறிவித்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு வாழ்த்துரைகள். கடைசியாக அழைக்கப்பட்டவர், தன் கட்சியைக் கடைசியில் வைத்ததைக் கண்டித்து வெளிநடப்புச் செய்தார். அவருக்காகச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் அமர்வு என்று முடிவாயிற்று. அதுவரை மேடையைப் பிரிக்கக் கூடாது. அலுவலர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். வெளிநடப்புச் செய்தவரையும் சேர்த்துப் பதினேழு பேரும் பழம்பொரி தின்னப் போனார்கள்.

ஏலிக்குட்டி பொன்னாடையை மடித்து ஜிஜோவின் முதுகுக்கு அண்டை கொடுத்தாள்.

"ரகீபே, ஒரு கை பிடி."

"எங்க சேச்சி?"

"மேல. தலைவர் சரிவு சும்மாதானே கிடக்கு."

ஐந்து சக்கர நாற்காலிகளும் சரிவில் ஏறின. மேலே நிழல் இருந்தது, மின்விசிறி இருந்தது. ஐந்து அம்மாக்களும் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். மைக் ஜிஜோவின் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் சிரித்தான். நான்கு ஒலிபெருக்கிகள் வழியாக ஊர் முழுக்கச் சிரித்தான்.

சாலையில் ஆட்கள் கூடினார்கள்.

"யாருடா, சிரிச்சுக்கிட்டே பேசறது?"

"எதிர்க்கட்சி."

"போடா, ஜெயிச்ச கட்சிதான் இப்படிச் சிரிக்கும்."

நாற்பது பேர் பயபக்தியோடு கைதட்டினார்கள். அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஏலிக்குட்டிக்கு மைக் பழக்கமில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேசினாள்: "வாரத்துல ஒரு காலை நேரம் போதும். ஆளு மாத்தி ஆளு, இவங்க பக்கத்துல வந்து உக்காந்தீங்கன்னா நான் இவனை எங்கயும் அனுப்ப வேண்டாம். சாவி இல்லாட்டி என் வீட்டுலயே வச்சுக்கலாம். நாற்காலி இருக்கு, ஏறி வாங்க."

டீக்கடைக் குரியாச்சன் தொண்டையைச் செருமினார். "மகத்தான காரியம் சேச்சி! என் முழு ஆதரவு என்றும் உண்டு."

"நெஞ்சார்ந்த வாழ்த்துகள்," என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

நின்ற இடத்திலிருந்தே ஆளுக்கொரு வாழ்த்துரை வழங்கினார்கள். பதின்மூன்று பேரை விட நன்றாகவே பேசினார்கள். பிறகு ஒருவருக்குப் பால் காய்ச்ச வேண்டியிருந்தது, ஒருவருக்குப் பேருந்து வந்துவிட்டது.

ரகீப் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு ஜிஜோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"புதன்கிழமை எனக்கு வேலை கம்மி சேச்சி. நான் வரேன்."

ஏலிக்குட்டி மேடையை எண்ணிப் பார்த்தாள். அம்மாமாருக்கு ஐந்து, ரகீபுக்கு ஒன்று.

மிச்சம் பதினோரு நாற்காலி.