இரண்டு ஐந்நூற்றுப் பன்னிரண்டுகள்

அன்றைக்கு நசரத்பேட்டையில் யார் யார் இருந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டிக்குள் என் மாமனார். தலைமாட்டில் மாமியாரும் என் மனைவி கஸ்தூரியும். வாசலில் மச்சினன் ஏழுமலை, சொந்தக்காரர்கள் முப்பது பேர், பறையடிக்க நான்கு பேர். வர வேண்டியவர் ஒருவர்தான்: மாமனாரின் மூத்த மகள், நான் அண்ணி என்று கூப்பிடும் செல்வி. கிருஷ்ணகிரியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். நான் நெடுஞ்சாலை ஓரம், தெரு திரும்பும் இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தேன்.

மாமனார் அந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான். அண்ணிக்கு வழி தெரியாது.

"இங்க மேளத்துல ஒருத்தன் போனும் கேக்காது. அக்கா உனக்குத்தான் அடிக்கும். கைகாட்டி இட்டுகினு வா மாமா," என்றான் ஏழுமலை.

சுடுகாட்டில் நாலு மணிக்கு எங்கள் முறை. தவறினால் மறுநாள்தான். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், எடுப்பதற்குள் அண்ணி வந்தாக வேண்டும்.

எனக்குப் பிறவியிலேயே பயம் ஜாஸ்தி. (கேஸை மூடினோமா என்று பார்க்க வேலைக்குப் போகும் வழியில் பாதியிலேயே திரும்பி வந்தவன். அன்றைக்கு சிலிண்டரே காலி.) கார் வராமல் போனால்? வந்தும் நான் கவனிக்காமல் விட்டால்? பயத்துக்கு என்னிடம் ஒரே மருந்து, போனில் இருந்த அந்த எண் விளையாட்டு.

கட்டங்களில் எண்கள். விரலால் தள்ளினால் எல்லாம் ஒரு பக்கம் சாயும். இரண்டும் இரண்டும் மோதினால் நாலு, நாலும் நாலும் எட்டு. இரண்டு ஒன்றானால் ஒரு கட்டம் காலியாகும். அந்தக் காலி இடத்தில் எனக்கு மூச்சு வரும். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்று அம்பத்தூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன் நான். எண்கள் என் பேச்சைக் கேட்டது அங்கே மட்டும்தான்.

அன்றைக்கென்று பார்த்து இரண்டு ஐந்நூற்றுப் பன்னிரண்டுகள் விழுந்தன. நடுவே ஒரு எட்டு குறுக்கே நின்றது. அப்போதுதான் திரையின் மேல்வரிசையை மறைத்துக்கொண்டு 'செல்வி அண்ணி' என்று வந்தது. மேலே தள்ளிவிட்டேன். இதோ முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்றுதான். மறுபடி வந்தது. தள்ளினேன். மூன்றாவது முறை என் விரல் பேரைக்கூடப் படிக்கவில்லை.

பிறகு ஏழுமலை கூப்பிட்டான். அவனுக்கு பயந்து எடுத்தேன்.

"அக்காவுக்கு அடிச்சா பிஸினே வருது. உனக்கு எதுனா வந்துச்சா?"

(பிஸி யாரால் என்று எனக்குத் தெரியும்.) "இல்லப்பா, போனே வர்ல."

அந்த ஒரு வார்த்தையில், அண்ணி இன்னும் எங்கோ தூரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று முடிவு செய்து தூக்கிவிட்டார்கள்.

மேளம் நகரும் சத்தம் கேட்டு ஓடினேன். பாடை தெருவின் மறுமுனையைத் தாண்டியிருந்தது. வழி தெரியாமல் பூந்தமல்லிக்குள் போய்த் திரும்பிய கார், விசாரித்துக்கொண்டு அரை மணி கழித்து வந்தது. அண்ணி இறங்கும்போது வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தரையில் செருப்போடு நின்று, "அப்பா எங்க?" என்றார்.

நான், "டவர் இல்ல அண்ணி," என்றேன்.

சுடுகாட்டுக்குப் பேசி நிறுத்தச் சொல்ல, கஸ்தூரி என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். திரையில் விளையாட்டு, அதற்கு மேல் மூன்று தவறிய அழைப்புகள். "இன்னாய்யா இது?" என்றாள். ஏழுமலை போனை எடுக்கவில்லை. சுடுகாட்டில் அவன் கையில் கொள்ளி இருந்தது.

அந்த ஆட்டத்தை அங்கேயே அழித்தேன். எட்டு கடைசிவரை நகரவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் யாரையாவது ரோட்டில் நிறுத்த வேண்டுமென்றால், "மாமாவ நிறுத்து, பொண்ணு மாப்ள திருப்பதிக்கே பூடுவாங்க," என்பான் ஏழுமலை. மண்டபமே சிரிக்கும். அண்ணியும் சிரிப்பார், சில சமயம் முதல் ஆளாக. ஆனால் ஏதாவது சேதி என்றால் கஸ்தூரிக்குத்தான் கூப்பிடுவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், "அவர் கிட்ட சொல்லிடு," என்பார். அன்றைய மூன்றுக்குப் பிறகு என் போனில் அந்தப் பெயர் வந்ததில்லை.